பிலிஸ் டில்லர்: பிந்தி வந்தவரின் நகைச்சுவை

வாஷிங்டன் நகரிலுள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் எஃகுப் பேழை ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. 48 இழுப்பறைகள் கொண்டது அது. இடம் போதாமற்போகவே 3 இழுப்பறைகள் கொண்ட சிறு பெட்டி ஒன்றும் அதனோடு சேர்ந்தது. பழைய நூலகங்களில் நூற்பட்டியல் அட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்களே, ஏறத்தாழ அதே அமைப்பு. உள்ளே இருப்பவை 52,000க்கு மேற்பட்ட அட்டைகள். அட்டைதோறும் ஒரு நகைச்சுவைத் துணுக்கு தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. துணுக்குகள் பொருள்வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இப்பேழைக்கு உரியவர் பிலிஸ் டில்லர் என்னும் பெண்மணி. 2003இல் அவரே இதனை அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். 2012 ஆகஸ்டு 20ஆம் நாள் தமது 95ஆம் வயதில் காலமானார்.

இவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே பாடத்தைத்தான் எடுத்துரைக்கின்றனர். ஐந்து பிள்ளைகளின் தாய், 37 வயது, கையில் பணமில்லை. ஆயினும் மனத்தில் நெடுநாள் கிடந்த மேடைக் கனவை நனவாக்கினார். ஆகவே எவருக்கும் எக்காலத்திலும் காலம் கடந்துவிடுவதில்லை என்பது அப்பாடம். கேட்கச் சுவையானதுதான். ஆனால் இப்படிச் சொல்லும்போது அவர் செலவிட்ட முப்பத்தேழு ஆண்டுகளும் வெறும் தடையாக, தாண்டிவர வேண்டிய வேலியாக ஆகிவிடுகின்றன. அவரது கலையைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோர்க்கு வேறொன்று புலப்படும். அவ்வாண்டுகள் அவருக்குத் தடையாக நின்றவை அல்ல. அவையே அவரது சரக்கு. இருபது வயதில் மேடையேறியிருந்தால் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இருந்திராது என்றே நாம் கருதுகிறோம். இக்கருத்தை நிறுவ முயல்வதோடு, அவரிடம் நமக்குள்ள மனத்தாங்கல் ஒன்றையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறோம்.

முதலில் அக்கலையைப் பற்றிச் சில சொற்கள். மேலை நாடுகளில் 'ஸ்டாண்ட்-அப் காமெடி' என வழங்கும் இக்கலையில் நாடகக் கதை இல்லை. உடன் நடிப்போர் இல்லை. திரைச்சீலையும் காட்சி அமைப்பும் இல்லை. ஒருவர் ஒலிபெருக்கியின் முன்னே தனியே நின்று, நேராக மக்களைப் பார்த்துப் பேச வேண்டும். அவர்கள் சிரிக்க வேண்டும். சிரிக்கவில்லையெனின் அந்த மௌனம் முழுவதையும் நிற்பவர் ஒருவரே தாங்க வேண்டும். கதாபாத்திரத்தின் மறைவு நடிகருக்கு உண்டு. இசையின் மறைவு பாடகருக்கு உண்டு. இவருக்கோ 'நான்' என்ற சொல்லைத் தவிர வேறு மறைவிடம் கிடையாது. ஆகவே அந்த 'நான்' யார் என்பதே இக்கலையின் முதற் கேள்வியாகும்.

டில்லர் 1917 ஜூலை 17ஆம் நாள் ஒஹையோ மாநிலத்து லைமா நகரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே மகள். பிறந்தபோது தந்தைக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. இளமையில் அவர் நாடியது இசையை. சிக்காகோவில் மூன்றாண்டுகள் பியானோ பயின்றார். பின்னர் ஒஹையோவில் புளஃப்டன் கல்லூரியில் சேர்ந்தார். 1939இல் படிப்பை முடிக்குமுன்பே ஷெர்வுட் டில்லர் என்பவரை மணந்தார். பிள்ளைகள் அறுவர் பிறந்தனர். ஒன்று கைக்குழந்தையாகவே இறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் குடும்பம் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை அடுத்த அலமீடா நகரில் குடியேறியது. கணவருக்கு வேலை நிலைக்கவில்லை. அம்மையார் விளம்பர வாசகங்கள் எழுதினார். 1952இல் ஓக்லாந்து வானொலி நிலையம் ஒன்றில் சேர்ந்தார். பின்னர் சான் பிரான்சிஸ்கோ வானொலியில் விளம்பரப் பொறுப்பை ஏற்றார். வீட்டுக்கோட்டு அணிந்த இல்லத்தரசியாகத் தோன்றி இல்லத்தரசிகளுக்குக் கோணலான அறிவுரைகள் வழங்கும் கால் மணி நேரப் படங்கள் சிலவற்றையும் அக்காலத்தில் நடித்தார். மேடைக்குச் செல்லுமாறு அவரைத் தொடர்ந்து வற்புறுத்தியவர் கணவர் ஷெர்வுட்தான். இச்செய்தியை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர் தேவைப்படும்.

1955 மார்ச் 7ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவில் 'பர்ப்பிள் ஆனியன்' என்ற நிலத்தடி இரவு விடுதியில் அவர் முதன்முதல் மேடையேறினார். இடம் சிறியது, ஆனால் பின்னாளில் பேர்பெற்ற பலர் அக்காலத்தில் அங்கே பாடியிருக்கின்றனர், எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவும் அவர்களுள் ஒருவர். டில்லருக்கு முதலில் கிடைத்தது இரண்டு வார வாய்ப்பு. அது நீண்டு நீண்டு ஒன்றரை ஆண்டுக்கு மேல் சென்றது. அந்தத் தொடக்க நிகழ்ச்சியைப் பற்றிய குறிப்புகளைப் படிக்கும்போது நமக்கு ஒன்று தெளிவாகிறது. அன்று அவர் பாடினார், இசைக்கருவி மீட்டினார், பேர்பெற்ற பாடகியரைப் பகடி செய்தார். அதாவது மேடையில் அவர் இன்னும் மறைந்துதான் நின்றார். பாட்டும் கருவியும் ஒவ்வொன்றாக உதிர்ந்து, இறுதியில் பேச்சு மட்டும் எஞ்சியபோதுதான் டில்லர் என்ற கலைஞர் பிறந்தார். கற்றவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டு, கற்காத ஒன்றில், தம் அன்றாட வாழ்வில், வந்து நின்றார் அவர்.

அவருடைய துணுக்குகளுள் பலரும் அறிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். துணி தேய்க்கும் வேலையில் தாம் பதினெட்டு ஆண்டுகள் பின்தங்கிவிட்டதாக அவர் சொல்வதுண்டு. இனித் தேய்த்துப் பயனில்லையாம். அந்தத் துணிகள் அளவாக இருக்கும் ஆள் எவரும் வீட்டில் இல்லையாம். அவ்வளவுதான் துணுக்கு. கேட்டதும் சிரிப்பு வருகிறது. சோம்பல் மிகுந்த ஒரு பெண் கண்முன் தோன்றுகிறாள். ஆனால் சிரிப்பு அடங்கியபின் அந்தத் துணிக்குவியல் மட்டும் நம் நினைவில் தங்கிவிடுகிறது. அதனுள்ளே சிறு சட்டைகள் இருக்கின்றன. அவற்றை அணிந்த குழந்தைகள் இன்று இல்லை, வளர்ந்துவிட்டார்கள். வீட்டு வேலை என்பது என்றும் முடியாத ஒன்று; அது முடிவதற்குள் பிள்ளைப் பருவம் முடிந்துவிடுகிறது. இத்தனையும் இரண்டே வாக்கியங்களுக்குள் அடங்கியுள்ளன. சோகத்தை அவர் ஒரு சொல்லாலும் தொடவில்லை. அதற்கு நேரம் கொடுக்காமல் அடுத்த துணுக்குக்குப் போய்விடுகிறார். இதே துணுக்கை இருபது வயது நங்கை ஒருத்தி சொல்லக் கேட்டால் நாம் சிரிப்போமா? அவளிடம் பதினெட்டு ஆண்டுகள் இல்லை. சொல்லுக்குப் பின்னே ஆண்டுகள் நிற்க வேண்டும். அந்த ஆண்டுகளே சொல்லுக்குப் பிணை.

நம் இலக்கண முன்னோர் நகையைப் பற்றி ஆராய்ந்தவர்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைக்கிறது. அது பிறக்கும் களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்கிறது. உரையாசிரியர் பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுத்து, தான் பிறரை இகழ்ந்து நகுதலும், பிறரால் தான் இகழப்பட்டபோது நகுதலும் எனக் காட்டுகிறார். அமெரிக்க விடுதி மேடைக்கு இந்த அளவுகோல் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். டில்லரைப் புரிந்துகொள்ள இதனினும் சிறந்த கருவி நமக்குக் கிட்டவில்லை. அவர் கையாண்டது எள்ளலின் இரண்டாம் வகைக்கு அண்மையில் இருக்கிறது. ஆனால் ஒரு படி மேலே செல்கிறது. பிறர் இகழுமுன் தம்மைத் தாமே இகழ்ந்து, இகழ்வோரின் கையிலிருந்து கருவியைப் பறித்துக்கொள்கிறார். அடுத்து, இளமை நகைக்கு நிலைக்களன் என்றனர் நம்மவர். மழலையின் தவறு சிரிப்பூட்டும். முதுமையும் அவ்வாறே ஒரு நிலைக்களன் ஆகக்கூடும் என்பதை டில்லர் தம் நடு வயதிலிருந்து 84ஆம் வயது வரை மேடையில் மெய்ப்பித்தார். உரைகாரர் எவரேனும் இக்காலத்தில் எழுந்தால் இதனையும் சேர்த்துக்கொள்வார் என நம்புகிறோம்.

மேடையில் தனித்து நின்று சிரிக்க வைத்த முதற் பெண்மணி டில்லர் எனச் சிலர் எழுதுவது சரியன்று. அவருக்கு முன்னரே ஜீன் கேரல் தொலைக்காட்சியில் அவ்வாறு பேசினார். அவர் நேர்த்தியான உடையில், அழகிய மாதாகவே தோன்றியவர். அவருக்கும் முன்னே மாம்ஸ் மேப்லி, கறுப்பின மக்களின் அரங்குகளில் பல்லாண்டு பேர்பெற்றிருந்தார். மேப்லியின் உத்தி நம் கருத்துக்கு மிகவும் துணை செய்கிறது. இளம் பெண்ணாக இருந்தபோதே அவர் தளர்ந்த உடையும் தொப்பியும் அணிந்து கிழவி வேடம் பூண்டார். கிழவிக்கு அனுமதி உண்டு. கிழவி எதையும் சொல்லலாம். இல்லாத முதுமையை மேப்லி கடன் வாங்கினார். டில்லரோ உள்ளதை எடுத்தாண்டார். ஆனால் அவரும் வேடம் புனையாமல் விட்டாரில்லை. சிலிர்த்து நிற்கும் கூந்தல், உடலமைப்பு தெரியாத பைபோன்ற சட்டை, கையுறை, கையில் நீண்ட சிகரெட்டுக் குழல். அவர் புகைபிடிப்பவர் அல்லர். குழல் வெறும் மரத்தாலான மேடைப்பொருள். உடல்வாகு நன்றாகவே இருந்ததென்றும், அதை மறைப்பதற்கே அந்தச் சட்டை என்றும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். இது பற்றிப் பின்னர்.

அதே காலத்தில் இன்னொருவரும் பிந்தியே வந்தார். ராட்னி டேஞ்சர்ஃபீல்ட் 1921இல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே துணுக்குகள் எழுதத் தொடங்கி, இளமையில் வேறு பெயரில் மேடையேறி, வெற்றி காணாமல் ஏறத்தாழ 28 வயதில் விலகினார். வீட்டுச் சுவர்களுக்கு அலுமினியத் தகடு பொருத்தும் வியாபாரத்தில் பல்லாண்டுகள் கழிந்தன. நாற்பதைக் கடந்து மீண்டும் மேடைக்கு வந்தார். 1967இல் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியபின் நாடறிந்தவரானார். தமக்கு எவரும் மதிப்புத் தருவதில்லை என்பதே அவருடைய பேச்சின் பல்லவி. வியர்த்த முகம், இறுக்கும் கழுத்துப்பட்டை, அலைபாயும் கண்கள். அந்த மனிதர் உண்மையிலேயே தோற்றவர் என்று கூட்டம் நம்பியது. நம்புவதற்குக் காரணம் இருந்தது. இளமையில் அவர் சொன்ன துணுக்குகளும் ஒருவேளை நல்லவையாகவே இருந்திருக்கலாம். ஆனால் இருபத்தைந்து வயது இளைஞன் தன் வாழ்வு வீணாயிற்று எனப் புலம்பினால் யார் நம்புவர்? இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், பிந்தி வருவோர்க்குத் தோல்வி என்பது ஆயத்தமாகக் கையிலிருக்கும் மூலதனம் என்பது விளங்குகிறது. அதைச் செலவிடத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்கிறார்; மறைக்க முயல்பவர் மேடையில் தடுமாறுகிறார்.

இனி டில்லருடைய தற்பழிப்பின் தன்மையைக் காண்போம். தமது சமையலை அவர் பழித்தார், முகத்தைப் பழித்தார், வீட்டைத் துப்புரவாக வைக்கத் தெரியாதவள் என்றார். இவற்றுள் பெரும்பகுதி உண்மையன்று. நன்றாகச் சமைக்கக் கூடியவர் அவர். அப்படியானால் இது பொய்யா? 'தாழ்ச்சி' என்ற சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். தன்னிடம் உள்ள நலத்தையே இல்லையென்று சொல்வது தாழ்ச்சி ஆகுமா, அன்றி அதுவும் ஒருவகை நடிப்பா என்ற ஐயம் எழுவது இயல்பு. டில்லர் வாழ்ந்த சூழலை நோக்கினால் விடை ஓரளவு கிடைக்கிறது. 1950களின் அமெரிக்கப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் ஒரு பெண் சிரித்துக்கொண்டே இருந்தாள். முத்துமாலை அணிந்து தரை துடைத்தாள்; கலையாத கூந்தலோடு அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்தாள். புதிய பொருள்களை விற்பதற்காக விளம்பரத் தொழில் படைத்த பெண் அவள். அவளோடு தன்னை ஒப்பிட்டு, தான் குறையுள்ளவள் என நாள்தோறும் நொந்துகொண்டவர்கள் இலட்சக்கணக்கான இல்லத்தரசிகள். டில்லருக்கு அந்தப் பொம்மையைச் செய்யும் பட்டறையே தெரியும். விளம்பர வாசகம் எழுதிப் பிழைத்தவர் அல்லவா? எந்தச் சொல்லால் ஒரு பெண்ணின் மனத்தில் குறையுணர்வை ஊட்டி ஒரு பொருளை விற்கலாம் என்பதை அறிந்தவர், அதே சொற்களை மேடையில் தலைகீழாக நிறுத்தினார். அவர் பழித்தது தம்மை அன்று. தம்மை அளக்க நீட்டப்பட்ட அளவுகோலை. கூட்டத்திலிருந்த பெண்கள் சிரித்தபோது அச்சிரிப்பில் ஒரு விடுதலை இருந்தது. இதுவே அவர் கலையின் உயர்ந்த பகுதி எனக் கொள்கிறோம்.

அவரது பேச்சில் கொச்சை அரிது. அக்காலத்து இரவு விடுதிகளின் வழக்கத்தை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர். (2005இல் வெளிவந்த தன்வரலாற்று நூலின் தலைப்பு மட்டும் இதற்கு விலக்கு, அதை இங்கே தமிழாக்க வேண்டிய தேவையில்லை.)

நம் மனத்தாங்கலுக்கு வருவோம். டில்லரின் பேச்சில் 'ஃபாங்' என்றொரு கணவர் வருகிறார். வேலைக்குப் போகாதவர், குடிப்பவர், ஒன்றுக்கும் உதவாதவர். மாமியாரும் நாத்தனாரும் வருகின்றனர். மாமியாருக்கு ஒரு திமிங்கிலத்தின் பெயர், நாத்தனாருக்குக் கொடுமைக்குப் பேர்பெற்ற ஒரு கப்பல் தலைவரின் பெயர். ஃபாங் கற்பனையே என்று டில்லர் கூறிவந்தார். நாமும் அதை ஏற்கிறோம். ஆயினும் உண்மையான கணவர் ஒருவர் இருந்தாரே. மேடைக்குப் போ, போ என்று தூண்டியவர். தம் வேலைகள் நிலைக்காமையை நாள்தோறும் அறிந்திருந்தவர். மனைவியின் புகழ் ஏற ஏற, ஊரெங்கும் அந்தக் கற்பனைக் கணவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இந்த மெய்யான கணவரின் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும்? இருவரும் 1965இல் மணமுறிவு செய்துகொண்டனர். அதற்குக் காரணம் துணுக்குகளே என்று நாம் சொல்லவில்லை. குடும்பங்கள் உடைவதற்கு வெளியார் அறியாத காரணங்கள் ஆயிரம். ஆனால் திறனாய்வு என்ற அளவில் இதைச் சொல்லியாக வேண்டும்: தம்மைப் பற்றிய துணுக்குகளில் காணப்படும் கூர்மையும் ஆழமும் ஃபாங் பற்றிய துணுக்குகளில் இல்லை. அவை எள்ளலின் முதல் வகைக்கு, பிறரை இகழ்ந்து நகும் எளிய வகைக்குத் திரும்பிவிடுகின்றன. துணிக்குவியல் துணுக்கில் நாம் கண்ட காலமும் இழப்பும் இங்கே இல்லை. சோம்பேறிக் கணவன் என்ற பழைய அச்சுத்தான் உண்டு. தம்மை இகழும்போது படைப்பாளியாக இருப்பவர், பிறரை இகழும்போது வெறும் தொழிலாளியாகிவிடுகிறார். அவையில் இல்லாதவர் மறுமொழி சொல்ல இயலாது. ஆகவே அந்தச் சிரிப்பு மலிவானது.

இன்னொரு முரணும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் டில்லர் முக அறுவை செய்துகொண்டார். பின்னரும் பலமுறை செய்துகொண்டார். இதை அவர் மறைக்கவில்லை. வெளிப்படையாகவே பேசினார், துணுக்குகளாகவும் ஆக்கினார். பிற நடிகையர் மூடி மறைத்ததை இவர் அஞ்சாது சொன்னார் என்று போற்றுவோர் உளர். அந்த நேர்மையை நாமும் மதிக்கிறோம். எனினும், அழகின் அளவுகோலைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தவரே பின்னாளில் அதே அளவுகோலுக்கு முகத்தைக் கொடுத்தார் என்பது மனத்தை உறுத்துகிறது. மேடையில் வென்ற பகைவனிடம் கண்ணாடியின் முன்னே தோற்றுப்போனார் எனலாமா? ஒருவேளை, தற்பழிப்பை முப்பது ஆண்டு இடைவிடாது சொல்லிவரும் ஒருவர் அதில் ஒரு பகுதியை நம்பத் தொடங்கிவிடுவதும் இயல்பே. இக்கலையில் உள்ள இடர் இது. டேஞ்சர்ஃபீல்டும் வாழ்நாள் முழுவதும் மனச்சோர்வோடு போராடியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

தம் துணிவுக்குக் காரணமாக டில்லர் ஒரு நூலைக் குறிப்பிடுவது வழக்கம். கிளாட் பிரிஸ்டல் என்பவர் 1948இல் எழுதிய, நம்பிக்கையின் ஆற்றலைப் பேசும் நூல் அது. வேண்டுவோர் படிக்கட்டும். நமக்கு அந்நூலைவிட எஃகுப் பேழையே நம்பத்தக்க சான்றாகத் தோன்றுகிறது. அட்டைகளில் பல 1960களிலிருந்து 1990கள் வரையிலானவை. பலவற்றில் நாளும் குறிக்கப்பட்டுள்ளது. எல்லாமே அவர் எழுதியவை அல்ல. பிறர் எழுதி அனுப்பிய துணுக்குகளை விலை கொடுத்து வாங்கினார். எழுதியவர்களுள் விஸ்கான்சின் மாநிலத்து இல்லத்தரசி ஒருவரும் இருந்தார். சமையலறையில் நின்றுகொண்டே துணுக்கு எழுதி அஞ்சலில் அனுப்பிய அந்தப் பெண்ணும் மேடைக் கனவில் ஒரு பங்கு பெற்றவர்தானே? ஆனால் புகழ் அவரைத் தேடிச் செல்லவில்லை.

துணுக்கை வாங்கினாலும் எழுதினாலும் டில்லர் அதைச் செதுக்கினார். வேண்டாத சொல் ஒவ்வொன்றையும் நீக்கினார். சிரிப்பை எழுப்பும் சொல் வாக்கியத்தின் இறுதியில் வர வேண்டும். அதன்பின் ஓர் அசையும் இருத்தல் கூடாது என்பது அவரது கொள்கை. முதற் சிரிப்பு அடங்குமுன் அதே பொருளில் இரண்டாவதும் மூன்றாவதும் வந்து விழும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு சிரிப்பு என்று அவருடைய வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்வார்கள். வெண்பா எழுதுவோர் சீரை எண்ணுவது போன்ற கணக்கு இது. கனவு காண்பவர்க்கு இந்தக் கணக்கில் ஈடுபாடு இராது. தொழில் செய்பவர்க்குத்தான் இருக்கும்.

தோல்விகளும் இருந்தன. சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியே பல ஊர்களில் அவர் பேச்சு எடுபடவில்லை. வாஷிங்டன் விடுதி ஒன்றில் கூட்டம் சிரிக்காத ஓர் இரவில், பார்வையாளர் நடுவே பாப் ஹோப் அமர்ந்திருந்தார். வெட்கத்தால் அவர் கண்ணில் படாமல் நழுவ முயன்ற டில்லரை நிறுத்தி ஊக்கமளித்தவர் அவரே. பின்னர் தம் திரைப்படங்களிலும், 1966இல் வியட்நாம் போர்முனைப் படைவீரர்க்கான நிகழ்ச்சிகளிலும் அவரைச் சேர்த்துக்கொண்டார். 1966-67இல் டில்லர் நடித்த தொலைக்காட்சித் தொடரோ நிலைக்கவில்லை. காரணம் தேடுவது கடினமன்று. அதில் அவருக்குக் கதை இருந்தது, வீடு இருந்தது, உடன் நடிப்போர் இருந்தனர். அந்தத் தனித்த 'நான்' இல்லை. இளமையில் பயின்ற இசையும் வீண்போகவில்லை. 1971 தொடங்கிப் பத்தாண்டுகளில் நூறளவான இசைக்குழுக்களோடு பியானோ வாசித்தார். முதலிற் கண்ட கனவு, இரண்டாவது கனவின் புகழைத் தோணியாகக் கொண்டு கரையேறியது போலும்.

இத்தனைக்கும் விலை கொடுத்தோர் யார் என்ற வினாவை ஊக்கக் கட்டுரைகள் எழுப்புவதில்லை. அம்மையார் ஊர் ஊராகச் சென்ற ஆண்டுகளில் பிள்ளைகள் உறவினர் வீட்டில் வளர நேர்ந்தது. பிள்ளைகள் வளர்ந்து ஆளாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்து வென்ற தாயாக அவரைக் காட்டுவது அழகிய கதை. ஆனால் நடந்தது அதுவன்று. பிள்ளைகள் சிறுவராக இருந்தபோதே, வீட்டில் கடன் மிகுந்திருந்தபோதே அவர் புறப்பட்டார். அவர் சம்பாதித்த பணமே அவர்களுக்குச் சோறிட்டது என்பதும் உண்மை. தாய் அருகில் இல்லை என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பதை நாம் விரும்பவில்லை. தந்தையர் பிழைப்புக்காக வெளியூர் செல்லும்போது இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை என்பதையும் கூடவே எழுதி வைக்கிறோம்.

1999இல் அவருக்கு மாரடைப்பு வந்தது. இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தப்பட்டது. அதன்பின்னும் மேடையேறினார். 2002 மே மாதம், லாஸ் வேகாஸ் நகரில் இறுதி நிகழ்ச்சியை நடத்தி விடைபெற்றார். அவ்விறுதி நாட்களைப் பதிவு செய்த ஆவணப்படம் 2004இல் வெளிவந்தது. நகைச்சுவையாளரைப் பற்றிய படங்களுள் இது தனித்தன்மை உடையது. புகழுரைகள் சற்று மிகுதி என்பது குறை. ஆனால் அதில் நாம் காண்பது சிரிக்க வைக்கும் தொழிலில் தளராத ஒரு முதியவரை. உடல் ஒடுங்கிவிட்டது, வேகம் சற்றுக் குறைந்திருக்கிறது, ஆயினும் சொல் விழ வேண்டிய இடத்தில் விழுகிறது. இப்போது அவர் பேசுவது முதுமையைப் பற்றி. ஒருகாலத்தில் துணிக்குவியலைப் பற்றிப் பேசியவருக்கு இது இயல்பான தொடர்ச்சியே. காலம் என்னும் அதே பொருள், இம்முறை இன்னும் அருகில் வந்து நிற்கிறது. 37 வயதில் தொடங்கியவர் 47 ஆண்டுகள் மேடையில் நின்றிருக்கிறார். இளமையில் தொடங்கியோர் பலர்க்கும் கிட்டாத நீட்சி அது.

அட்டைப் பேழை அருங்காட்சியகத்துக்குச் சென்றபின் 2011இல் பொதுமக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டது. 2017இல் அட்டைகளைப் படியெடுத்துத் தருமாறு அருங்காட்சியகம் தன்னார்வலரை வேண்டியது. பலர் முன்வந்து, வீட்டிலிருந்தபடியே, ஒவ்வோர் அட்டையாகப் படித்துத் தட்டச்சு செய்தனர். சமையல், கணவர், மாமியார், முகம், முதுமை என ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட துணுக்குகள். அவற்றுள் பல இன்று பழையவை. சில கேட்கத் தகாதவை. சில இன்னும் சிரிக்க வைக்கின்றன. துணி தேய்க்கும் வேலை அந்த வீடுகளில் அன்றைக்கு எவ்வளவு பின்தங்கியதோ, நாமறியோம்.